தவளை என்ன சாப்பிடும்?

"தவளை தன் வாயால் கெடும்" என்பது ஊரெல்லாம் அறிந்த பழமொழி. மழை பெய்த இரவில் சும்மா இருக்காமல் கத்தி, தான் இருக்கும் இடத்தைப் பாம்புக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அதன் பொருள். ஆனால் தவளையின் வாய்க்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது கத்திய கதை அல்ல, தின்ற கதை. தவளை என்ன தின்கிறது என்பதை மனிதன் தெரிந்துகொள்ள நெடுங்காலம் பிடித்தது. தெரியாமல் இருந்த காலத்தில் தவளைகளுக்கு நேர்ந்த கேடு கொஞ்சநஞ்சமல்ல.

கோவைக்குத் தெற்கே இருக்கும் போத்தனூரைப் பலரும் ரயில் சந்திப்பாகத்தான் அறிவார்கள். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன இருப்புப்பாதை 1862ல் இந்த ஊர் வழியாகத்தான் சென்றது. கோவை நகருக்கு ரயில் வந்ததே 1873ல்தான். ஆனால் ரயில் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்தப் பக்கத்தில் குளங்கள் இருக்கின்றன. நொய்யல் ஆற்றிலிருந்து வாய்க்கால் மூலம் தண்ணீர் பெறும் குறிச்சிக் குளம் ஒருபுறம், வெள்ளலூர்க் குளம் மறுபுறம். ஐப்பசி மழை இறங்கியதும் குட்டைகளிலும் பள்ளங்களிலும் தவளைச் சத்தம் தொடங்கிவிடும். சில நாட்களில் தேங்கிய நீரெல்லாம் தலைப்பிரட்டைகள்.

அடுத்து நடப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பாட்டிலில் நாலைந்து தலைப்பிரட்டைகளைப் பிடித்து வருவார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால் ஒரு குட்டித் தவளையே பிடிபடும். "இதுக்கு என்ன போடறது?" என்ற கேள்வி அப்போதுதான் எழும். ஒரு பிடி சோறு, ஒரு துண்டு ரொட்டி, நாலு பொரி. மறுநாள் தண்ணீர் நாறும். மூன்றாம் நாள் பாட்டில் காலியாகிவிடும்.

குழந்தைகள் கேட்கும் இதே கேள்வியைத்தான் விஞ்ஞானிகளும், விலங்குக் காட்சிசாலைகளும், ஏன், அரசாங்கங்களும்கூடக் கேட்டிருக்கின்றன. அவர்களும் பலமுறை தவறான விடையைச் சொல்லியிருக்கிறார்கள்.

தலைப்பிரட்டையின் வாய்

தென்னிந்தியத் தவளைகளின் வரலாற்றைப் பேசும்போது கோவையில் பிறந்த ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் சி.ஆர். நாராயண ராவ். 1882ல் பிறந்தவர். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். 1932ல் தொடங்கிய 'கரண்ட் சயின்ஸ்' என்ற அறிவியல் இதழின் முதல் ஆசிரியர். 1937ல் தென்னிந்தியாவின் புதிய தவளை வகைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அவருடைய நினைவாகவே மேற்குத் தொடர்ச்சி மலையின் சிறு புதர்த் தவளைகள் அடங்கிய ஒரு பேரினத்துக்கு 2010ல் 'ராவோர்செஸ்டஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

ராவும் அவர் காலத்து ஆய்வாளர்களும் பெரிய தவளைகளோடு தலைப்பிரட்டைகளையும் கவனித்தார்கள். அதிலும் குறிப்பாக வாயை. காரணம் எளிது. தலைப்பிரட்டையின் வாயைப் பார்த்தால் அது எந்த இனம் என்று ஓரளவு சொல்லிவிடலாம், என்ன தின்கிறது என்பதையும் ஊகிக்கலாம். சில தலைப்பிரட்டைகளுக்கு வாயில் வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள் இருக்கும். அவை கல்லிலும் இலையிலும் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். குறுவாய்த் தவளைகளின் குஞ்சுகளுக்கு அந்தப் பற்களே கிடையாது. அவை தண்ணீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். மலையோடைத் தவளைகள் சிலவற்றின் குஞ்சுகளுக்கு வாயே ஓர் உறிஞ்சு கிண்ணம் போல இருக்கும். வேகமாக ஓடும் நீரில் பாறையைக் கவ்விக்கொண்டு, அங்கேயே பாசியை மேயும்.

இவை எல்லாவற்றிலிருந்தும் மாறுபட்டது நம் ஊர் வயல்களில் இருக்கும் பெரிய காளைத் தவளையின் குஞ்சு. அது ஊன் உண்ணி. கூட இருக்கும் மற்றத் தலைப்பிரட்டைகளையே பிடித்துத் தின்றுவிடும். பாட்டிலில் பத்து விட்டு வைத்தால் ஒரு வாரத்தில் ஒன்று மட்டும் கொழுத்து நிற்பதன் மர்மம் பல சமயம் இதுதான்.

ஆக, "தலைப்பிரட்டைக்கு என்ன போடுவது?" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. பாசி தின்னும் வகைக்கு வேகவைத்த கீரை கொஞ்சம் உதவும். வடிகட்டித் தின்னும் வகை அதைத் தொடாது. ஊன் தின்னும் வகை பக்கத்தில் இருப்பதைத் தின்னும்.

அசையாதது உணவல்ல

தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் உடலுக்குள் பெரிய மாற்றம் நடக்கிறது. வால் சுருங்குவது வெளியே தெரியும். உள்ளே, பாசியைச் செரிக்க வைத்திருந்த நீண்ட சுருள் குடல் குட்டையாகிறது. வாய் அகலமாகிறது. பெரும்பாலான இனங்களுக்கு நாக்கு வளர்கிறது. மேய்ந்துகொண்டிருந்தது வேட்டையாடத் தொடங்குகிறது. இந்த மாற்றம் நடக்கும் சில நாட்களுக்குத் தவளை பெரும்பாலும் ஒன்றும் தின்பதில்லை. வாலில் இருக்கும் சத்தே அதற்கு உணவு. இது தெரியாதவர்கள் அப்போதுதான் அதன் வாயில் எதையாவது திணிக்கப் பார்ப்பார்கள்.

வளர்ந்த தவளைக்கு முன்னால் சோற்றுப் பருக்கையை வைத்தால் அது ஏன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை? இதற்கு விடை தந்த ஆராய்ச்சி 1959ல் அமெரிக்காவில் வெளியானது. லெட்வின், மட்டுரானா, மெக்கல்லக், பிட்ஸ் ஆகிய நால்வர், தவளையின் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புகளில் நுண்மின்வாய்களைப் பொருத்தி அளந்தார்கள். அதில் ஒருவகை நரம்பு, சிறிய கரிய பொருள் ஒன்று பார்வைக்குள் நுழைந்து அசையும்போது மட்டும் துடித்தது. பின்னணி முழுவதும் அசைந்தால் துடிக்கவில்லை. அதாவது, 'பூச்சி' என்ற செய்தியைத் தவளையின் கண்ணே பிரித்து அனுப்பிவிடுகிறது. அசையாத பூச்சி அந்தக் கண்ணுக்குப் பூச்சியே அல்ல. செத்த ஈக்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் தவளை பட்டினியால் சாகக்கூடும்.

பிடிக்கும் விதமும் வேடிக்கையானது. தவளையின் நாக்கு மனித நாக்கைப் போலத் தொண்டைப் பக்கத்தில் ஒட்டியிருப்பதில்லை. வாயின் முன்புறம் ஒட்டியிருக்கிறது. மடித்து வைத்த நாக்கைக் கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே வீசி, ஒட்டிய பூச்சியோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். விழுங்கும்போது கண்கள் இரண்டும் உள்ளே அமிழ்ந்து இரையைத் தொண்டைக்குள் தள்ளும். மெல்லும் பழக்கம் இல்லாததால், வாய்க்கு மிஞ்சிய இரை தொண்டையில் சிக்கும். கெட்டதை விழுங்கிவிட்டால் சில தவளைகள் இரைப்பையையே வாய் வழியாக வெளியே தள்ளி, முன்னங்காலால் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும்!

வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள்

காட்டில் தவளை எதைத் தின்கிறது என்பதை அறிய ஆய்வாளர்கள் நீண்டகாலம் கையாண்ட வழி, அதன் இரைப்பையைத் திறந்து பார்ப்பது. வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, வண்டு, எறும்பு, கரையான், கம்பளிப்புழு, சிலந்தி, மண்புழு, நத்தை என்று பட்டியல் நீண்டது. காளைத் தவளையின் வயிற்றில் வயல் நண்டு, சுண்டெலி, சிறு தவளை, ஓணான் குட்டி வரைக்கும் இருந்தன. தேரையின் வயிற்றில் எறும்பும் கரையானும் நிறைய.

இந்தப் பட்டியலை உழவர்கள் பார்த்தால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். கோவை வேளாண் கல்லூரியில் பணியாற்றிய டி.வி. ராமகிருஷ்ண அய்யர் தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றிய பெரிய கையேடு ஒன்றை 1940ல் வெளியிட்டார். பயிரைத் தின்னும் வெட்டுக்கிளிகளும் புழுக்களும் வண்டுகளும் அதில் வரிசையாக இருக்கின்றன. உழவனுக்கு அது பகைவர் பட்டியல். தவளைக்கு அதில் பாதி சாப்பாட்டுப் பட்டியல்.

ஆனால் நாடு இந்த உண்மையை உணர்வதற்குள் தவளைக்கு வேறொரு விலை கிடைத்துவிட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தவளைக்கால் விருந்துணவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குளிர்பதன வசதி பெருகியதும் இந்தியாவிலிருந்து உறைய வைத்த தவளைக்கால் கப்பலேறத் தொடங்கியது. கொச்சி அதற்கு முக்கியத் துறைமுகமாக இருந்தது. மழைக்காலத்தில் காளைத் தவளைகள் இணைசேரக் கூடும் நேரம்தான் வேட்டை நேரம். ஆண் தவளைகள் மஞ்சள் நிறமாக மாறி, கழுத்தின் இருபுறமும் நீலப்பை உப்பக் கத்தும். விளக்கொளியைக் கண்ணில் அடித்தால் அசையாமல் நிற்கும். சாக்கில் அள்ளிக்கொண்டு போவார்கள். பழமொழி சொன்னதுபோலவே அவை வாயால் கெட்டன. 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் கால்கள் ஏற்றுமதியாயின. காலுக்காக மட்டும் கொல்லப்பட்ட தவளைகள் எத்தனை கோடி என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதை எதிர்த்து எழுந்த குரல்களில் முக்கியமானது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உமாயூன் அப்துலாலியுடையது. 1985ல் அக்கழகத்தின் இதழில் தவளைக்கால் ஏற்றுமதி பற்றி விரிவாக எழுதினார். தவளையைக் காப்பதற்கான வாதம் பெரும்பாலும் அதன் வயிற்றைச் சுற்றியே அமைந்தது. தவளைகள் போனால் அவை தின்ற பூச்சிகளும் நண்டுகளும் பெருகும், அவற்றைக் கொல்ல மருந்து வாங்க வேண்டும், காலை விற்ற காசு மருந்துக்கே போய்விடும். அதே 1985ல் காளைத் தவளையும் குளத்துப் பச்சைத் தவளையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987ல் இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 'தவளை என்ன சாப்பிடும்?' என்ற சாதாரணக் கேள்வியின் விடை ஒரு நாட்டின் வணிகக் கொள்கையை மாற்றிய நிகழ்ச்சி இது.

தப்புக் கணக்கு

தவளை பூச்சி தின்னும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் போட்ட கணக்கு ஆஸ்திரேலியாவில் தலைகீழானது.

கோவையில் 1912 முதல் கரும்பு இனப்பெருக்க நிலையம் இருப்பதால், கரும்புக்குப் பூச்சி வந்தால் எவ்வளவு கவலை என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும். குயின்ஸ்லாந்து மாநிலக் கரும்புத் தோட்டங்களில் வண்டுகள் பெருந்தொல்லையாக இருந்தன. தென்னமெரிக்கத் தேரை ஒன்று அவற்றைத் தின்று தீர்த்துவிடும் என்று நம்பி, 1935ல் ஹவாய்த் தீவிலிருந்து சுமார் 100 தேரைகளைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். வண்டு கரும்பின் உச்சியில் இருந்தது. தேரை தரையில் இருந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை. தேரை தரையில் கிடைத்த மற்றதையெல்லாம் தின்று கோடிக்கணக்கில் பெருகியது. அதன் தோலில் நஞ்சு இருப்பதால், அதைத் தின்ற உள்நாட்டுப் பல்லிகளும் பாம்புகளும் மடிந்தன.

இந்தியாவிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. தமிழக வயல்களில் உழவனுக்குத் துணையான அதே காளைத் தவளை, மனிதர் மூலம் அந்தமான் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் வயிற்றை ஆராய்ந்து 2018ல் வெளியான ஆய்வில், முதுகெலும்புள்ள உயிரினங்களும் அதன் இரையில் பெரும்பங்கு வகிப்பது தெரிந்தது. தீவுக்கே உரிய சிறு பிராணிகளுக்கு அது எமன். ஒரே வாய்தான். இருக்கும் இடத்தைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது.

இன்னொரு ஆச்சரியம் நம் பக்கத்துக் குளங்களிலேயே இருந்தது. தென்னிந்தியக் கல்லூரி மாணவர்கள் பல தலைமுறைகளாக ஆய்வுக்கூடத்தில் அறுத்துப் படித்தது பெரும்பாலும் குளத்துப் பச்சைத் தவளையைத்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2014ல் விலங்கியல் பாடத்தில் இந்த அறுவையை நிறுத்தச் சொன்னது. 'தவளை ஊன் உண்ணி' என்று நோட்டில் எழுதிவிட்டு அறுத்த அந்தத் தவளை, வளர்ந்த பிறகு பெரும்பாலும் இலை தின்னி! இந்திரனில் தாஸ் என்ற ஆய்வாளர் தென்னிந்தியாவில் பருவந்தோறும் அதன் உணவைப் பரிசோதித்து 1996ல் இதை வெளியிட்டார். குட்டியாக இருக்கும்போது பூச்சி தின்கிறது. பெரிதான பிறகு நீர்த்தாவரங்களின் இலையும் பூவும் அதன் வயிற்றை நிரப்புகின்றன. உலகில் உள்ள ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தவளை, தேரை இனங்களில் இப்படிப்பட்டவை மிக மிகச் சில.

கண்ணாடிப் பெட்டிக்குள்

இனி, தவளையை வீட்டுக்குள் கொண்டுவந்த கதை.

1930களில் லான்சலட் ஹாக்பென் என்ற ஆங்கில விஞ்ஞானி, ஆப்பிரிக்க நகத்தவளையைக் கொண்டு நடத்திய சோதனைகள் கர்ப்பப் பரிசோதனைக்கு வழிவகுத்தன. கர்ப்பிணியின் சிறுநீரை ஊசி மூலம் பெண் தவளைக்குள் செலுத்தினால் சில மணி நேரத்தில் அது முட்டையிடும். 1960கள் வரை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இந்தத் தவளைகள் ஆயிரக்கணக்கில் வளர்க்கப்பட்டன. வளர்க்க முடிந்ததற்கு ஒரு காரணம் அதன் சாப்பாடு. அதற்கு நாக்கு கிடையாது. எப்போதும் நீருக்குள் இருந்து, மோப்பத்தால் இரையைக் கண்டு, கையால் வாய்க்குள் தள்ளிக்கொள்ளும். ஆகவே செத்த இறைச்சித் துண்டையும் தின்னும். ஈரல் துண்டு போட்டால் போதும், பிழைத்துக்கொண்டது. இதைப் பார்த்து எல்லாத் தவளையும் இப்படித்தான் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

மற்றத் தவளைகளுக்கு அசையும் இரை வேண்டும். மேலை நாடுகளில் தவளை வளர்ப்போர் பெருகியபோது, சுவர்க்கோழிப் பூச்சியையும் மாவுப்புழுவையும் பண்ணை வைத்து வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். தவளை ஆசையாகத் தின்றது. ஆனால் நாளாக ஆக முதுகு வளைந்தது, தாடை மெலிந்து மடங்கியது, கால் எலும்பு ஒடிந்தது. காரணம், பண்ணைப் பூச்சியின் உடலில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. காட்டில் தவளை நூறு வகை இரை தின்று அந்தக் குறையைச் சரிசெய்துகொள்ளும். பெட்டிக்குள் ஒரே வகை. அதனால்தான் பூச்சியின்மேல் கால்சியம் பொடியைத் தூவிப் போடும் வழக்கமும், பூச்சிக்கு முதலில் கீரையும் காய்கறியும் கொடுத்து அதன் வயிற்றை நிரப்பிவிட்டுப் பிறகு தவளைக்குக் கொடுக்கும் வழக்கமும் வந்தன.

இதைவிடக் கொடுமையான கதை அமெரிக்காவின் வயோமிங் தேரையுடையது. 1990களின் தொடக்கத்தில் அது காட்டில் ஏறத்தாழ அற்றுப்போய், எஞ்சியவை காட்சிசாலைகளில் வளர்க்கப்பட்டன. நன்றாகத்தான் தீனி போட்டார்கள். ஆனால் சில தேரைகள் இரையைப் பார்த்து நாக்கை வீசியும் பிடிக்க முடியாமல் மெலிந்து செத்தன. 2000களில் மருத்துவர்கள் ஆராய்ந்து, வைட்டமின் ஏ பற்றாக்குறையே காரணம் என்று ஐயப்பட்டார்கள். அந்தச் சத்துக் குறைந்தால் நாக்கின் மேல்தோல் மாறி, பிசுபிசுப்பைச் சுரக்கும் செல்கள் குறைந்துவிடும். பூச்சி நாக்கில் ஒட்டாது. இரை நிறைந்த பெட்டியில், வாய் திறந்தபடி பட்டினி. உலகில் சில நூறே மிஞ்சியிருந்த உயிரினத்துக்கு நேர்ந்த நிலை இது.

தான்சானியாவின் கிகான்சி அருவித் தேரையின் கதைக்கு நல்ல முடிவு உண்டு. அருவியின் சாரலில் மட்டும் வாழ்ந்த, ஓர் அங்குலம்கூட இல்லாத தேரை அது. அணை கட்டியதால் சாரல் குறைந்தது. 2000ல் 499 தேரைகளை அமெரிக்கக் காட்சிசாலைகளுக்குக் கொண்டுபோனார்கள். 2009ல் காட்டில் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. விரல்நுனி அளவுத் தேரைக்கு என்ன போடுவது? கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய வால்துள்ளிப் பூச்சிகள், பழ ஈக்கள், அன்று பொரித்த சுவர்க்கோழிக் குஞ்சுகள் என்று விதவிதமாக வளர்த்துக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் மளமளவென்று குறைந்த எண்ணிக்கை, மெல்ல ஏறியது. 2012ல் ஒரு பகுதி தேரைகள் தாயகம் திரும்பின. ஓர் இனம் பிழைப்பதற்கு ஈயும் பூச்சியும் வளர்க்கத் தெரிந்த கைகளும் காரணமாயின.

உணவே அடையாளம்

தென்னமெரிக்காவின் வண்ண வண்ண நச்சுத்தவளைகள் கண்ணாடிப் பெட்டியில் வளர்ந்தால் நஞ்சில்லாமல் வளர்கின்றன. ஜான் டேலி என்ற அமெரிக்க வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து இதன் காரணத்தைக் கண்டார்கள். அந்த நஞ்சு தவளையுடையதே அல்ல. காட்டில் அது தின்னும் எறும்பு, உண்ணி போன்றவற்றிலிருந்து சேர்த்து வைத்தது. பழ ஈயைத் தின்று வளர்ந்த தவளைக்கு அந்தச் சேமிப்பு இல்லை. சாப்பாடு மாறினால் ஆளே மாறிவிடுகிறார்!

இதற்கு நேர் எதிராக, சாப்பாட்டை மாற்றவே முடியாத தவளையும் உண்டு. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. 2003ல் கேரளத்தின் இடுக்கிப் பகுதியிலிருந்து அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளை, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்து, கரையானைத் தின்று வாழ்கிறது. மழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் இணைசேர வெளியே வரும். அதன் உறவினம் ஒன்று தமிழ்நாட்டின் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் கிடைத்து, 2017ல் 'நாசிகாபட்ராகஸ் பூபதி' என்று பெயர் பெற்றது. கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தில் ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஆராய்ந்து, 2014ல் அகத்திய மலைப் பகுதியில் களப்பணியின்போது உயிரிழந்த எஸ். பூபதியின் நினைவாக வைத்த பெயர் அது. மண்ணுக்கடியில் கரையான் புற்றும், மழை வந்தால் பாறையில் பாசி படிந்த ஓடையும் சேர்ந்து இருந்தால்தான் இத்தகைய தவளைக்கு வாழ்வு. எந்தக் கடையிலும் அந்தத் தீனி கிடைக்காது.

போத்தனூருக்குத் திரும்பினால்

இத்தனை வரலாற்றிலிருந்து தவளை வளர்ப்போர் கற்றுக்கொண்ட பாடங்கள் சுருக்கமானவை. வளர்ந்த தவளைக்குச் சோறு, ரொட்டி, பால், உப்புப் போட்ட எதுவும் ஆகாது. இரை உயிரோடு அசைய வேண்டும். அதன் அகலம், தவளையின் இரு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தாண்டக்கூடாது. ஒரே பூச்சியை நாள்தோறும் கொடுக்கக்கூடாது. சுவர்க்கோழி, மண்புழு, வெட்டுக்கிளி, கரையான் என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். பண்ணைப் பூச்சி என்றால் கால்சியம் பொடி வேண்டும். சுண்டெலி போன்ற கொழுத்த இரையை அடிக்கடி கொடுத்தால் தவளைக்கும் உடல் பருக்கும், கண்ணில்கூடக் கொழுப்பு வெண்படலமாகப் படியும். அமெரிக்க மின்மினி வகைகள் சிலவற்றில் கடும் நஞ்சு இருப்பதால் மின்மினியைத் தவிர்ப்பது நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, மருந்தடித்த வயலிலும் தோட்டத்திலும் பிடித்த பூச்சியைக் கொடுக்கவே கூடாது என்பது. மருந்து தின்ற பூச்சி துடித்துத் துடித்து மெதுவாக அசையும். அதுதான் தவளையின் கண்ணுக்கு எளிதில் படும் இரை. உச்ச நீதிமன்றம் 2011ல் எண்டோசல்பானைத் தடை செய்தது. ஆனாலும் வேறு பல பூச்சிமருந்துகள் வயலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டித் தவளைக்கு நல்ல பூச்சியைப் பொறுக்கிக் கொடுக்க ஓர் ஆள் இருக்கலாம். குளத்தங்கரைத் தவளைக்கு யார் இருக்கிறார்கள்?

வளர்க்க நினைப்பவர்கள் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புப் பெற்ற இனங்களைப் பிடித்து வளர்ப்பது குற்றம். பிள்ளைகளின் பாட்டிலில் வந்த தலைப்பிரட்டையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, எந்தக் குட்டையில் எடுத்தார்களோ அதே குட்டையில் விட்டுவிடச் சொல்வதே சரி. வேறு குளத்தில் விடுவதும் நல்லதல்ல. அந்தமான் கதை அதைத்தான் சொல்கிறது.

தவளைக்குப் பாதுகாப்பான, விதவிதமான உணவு எது என்று நூறு ஆண்டுகளாக ஆராய்ந்தவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் குளத்தங்கரைதான். பெட்டிக்குள் பொடி தூவி, பூச்சி வளர்த்து, அளந்து பார்த்துச் செய்வதெல்லாம், ஒரு நல்ல குளம் தானாகச் செய்வதை நகல் எடுக்கும் முயற்சியே. கரையில் புல், நீரில் பாசி, மண்ணில் கரையான், மழைக்குப் பின் ஈசல். குறிச்சிக் குளத்திலும் வெள்ளலூர்க் குளத்திலும் சாக்கடையும் குப்பையும் சேராமல் இவை நிலைத்திருந்தால், "இதுக்கு என்ன போடறது?" என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. தவளை தன் வாயால் கெடுவதைக் காட்டிலும் பிறர் வைத்த உணவால் கெடுவதே அதிகம் என்பதைத்தான் இந்த வரலாறு காட்டுகிறது.